வாட்ஸ்அப்பில் சுற்றும் சர்வர் சாவி

வண்ணார்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும் மாடி அறைகளில் நடக்கும் சின்ன மென்பொருள் நிறுவனங்களுக்கு இன்று சொந்தமாகச் சர்வர் அறை தேவைப்படுவதில்லை. மளிகை மொத்தக் கடைக்கு எழுதிக் கொடுத்த பில்லிங், பள்ளிக்கூடத்துக் கட்டண வசூல், மருத்துவமனை டோக்கன், கல்லிடைக்குறிச்சி அப்பள வியாபாரிக்கு ஆர்டர் எடுக்கும் ஆப் என எல்லாமே மும்பையிலோ ஹைதராபாத்திலோ மாத வாடகைக்கு எடுத்த ஒரு விர்ச்சுவல் மெஷினில், அதாவது பெரிய கணினி ஒன்றுக்குள் மென்பொருளால் பிரித்துக் கொடுத்த தனிக் கணினியில், ஓடுகின்றன. இப்படி வாடகைக்குக் கணினி தரும் கிளவுட் மையத்தை அமேசான் மும்பையில் திறந்தது 2016-ல், ஹைதராபாத்தில் 2022-ல். மைக்ரோசாஃப்ட் 2015-லேயே சென்னை, புனே, மும்பை என மூன்று இடங்களில் கடை விரித்துவிட்டது. நெல்லையில் உட்கார்ந்துகொண்டு சர்வர் நடத்துவது அன்றிலிருந்து ரொம்பவும் எளிதாகிவிட்டது.

ஆனால் அந்த மெஷினுக்குள் நுழையும் வழி பல இடங்களில் ஒரே மாதிரிதான் இருக்கிறது. கம்பெனிக்கு ஒரே ஒரு சாவி ஃபைல், பெயரின் கடைசியில் 'பெம்' என்று முடியும். புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே, "பெம் ஃபைல வாட்ஸ்அப்ல போட்டுருக்கேன் தம்பி, இறக்கிக்கிடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். அவர் இறக்குவார், உள்ளே போவார், வேலை நடக்கும். ஒன்றரை வருடம் கழித்து அவர் பெங்களூருக்கு மாறிப் போவார். ஃபைல் அவர் போனிலும் லேப்டாப்பிலும் அப்படியே இருக்கும். அவர் நல்லவர்தான், எதுவும் செய்யமாட்டார். அந்த லேப்டாப்பை அடுத்து யார் வாங்குவார், அந்த போன் எந்த ரிப்பேர் கடைக்குப் போகும் என்பது அவருக்கே தெரியாது.

இதை வெறும் கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. விர்ச்சுவல் மெஷினை முதன்முதலில் உருவாக்கும்போது திரையில் வரும் வரிசையே ஆட்களை இந்தப் பழக்கத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது. முதல் தடவை உள்ளே போவதற்கென்று கொடுத்த வழியை எல்லோரும் நிரந்தர வழியாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அது எப்படி நடந்தது என்று தெரிந்தால் சரிசெய்வதும் சுலபம்.

ஹெல்சிங்கியில் திருடுபோன பாஸ்வேர்டுகள்

தூரத்துக் கணினிக்குள் லாகின் செய்ய ஒரு காலத்தில் டெல்நெட் இருந்தது. அதில் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டு எழுத்து எழுத்தாக, மறைப்பு ஏதும் இல்லாமல் கம்பி வழியே போகும். நடுவில் உட்கார்ந்து கேட்கிறவனுக்கு அது அப்படியே கிடைத்துவிடும். 1995-ல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் இப்படிப் பாஸ்வேர்டுகள் களவு போயின. அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து இலோனென் அதற்கு மாற்றாக எழுதிய மென்பொருள்தான் எஸ்எஸ்ஹெச். ஒரு கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள வாசல் எண்தான் போர்ட். டெல்நெட்டின் போர்ட் எண் 23, ஃபைல் அனுப்பும் எஃப்டிபியின் எண் 21. இரண்டுக்கும் நடுவே 22 காலியாக இருந்ததால் அதைக் கேட்டு வாங்கினார். இன்றைக்கும் உலகம் முழுக்க சர்வர்களின் லாகின் வாசல் 22-தான். இப்போது எல்லோரும் பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச், ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை உருவாக்கும் குழுவினர் 1999-ல் வெளியிட்டது.

எஸ்எஸ்ஹெச்சில் பாஸ்வேர்டும் வேலை செய்யும். ஆனால் கிளவுட் நிறுவனங்கள் லினக்ஸ் இயங்குதளம் ஓடும் மெஷின்களுக்குப் பெரும்பாலும் கீ ஜோடியைத்தான் முன்வைக்கின்றன. ஒரே கணிதச் செயலிலிருந்து பிறக்கும் இரண்டு எண்கள் அவை. பப்ளிக் கீயைப் பூட்டு என்றும் பிரைவேட் கீயைச் சாவி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டை யார் பார்த்தாலும் பாதகமில்லை, எத்தனை கதவில் வேண்டுமானாலும் மாட்டலாம். சாவி ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். லாகின் செய்யும் நேரத்தில் உங்கள் கணினி, அந்த ஒரு இணைப்புக்கு மட்டுமே உரிய தகவல் ஒன்றில் பிரைவேட் கீயைக் கொண்டு கையொப்பம் போட்டு அனுப்பும். கையொப்பம் சரிதானா என்பதைத் தன்னிடம் உள்ள பப்ளிக் கீயை வைத்து சர்வர் சோதிக்கும். பிரைவேட் கீ உங்கள் கணினியை விட்டு வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. இந்த ஏற்பாட்டின் பலம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. பெம் ஃபைலில் இருப்பது இந்த பிரைவேட் கீதான். வாட்ஸ்அப்பில் அந்த ஃபைலை அனுப்பிய நிமிடமே அந்தப் பலம் போய்விடுகிறது.

மெஷின் பிறக்கும் நேரம்

அமேசானில் புது மெஷின் ஒன்றை எடுக்கும்போது, "புது கீ ஜோடி உருவாக்கவா?" என்று ஒரு கட்டம் வரும். சம்மதித்தால் அவர்களுடைய கணினியே ஜோடியை உருவாக்கி, பிரைவேட் கீயை உங்கள் பிரவுசருக்கு இறக்கிக் கொடுக்கும். அதுவும் ஒரே ஒரு தடவை. மறுபடி கேட்டால் கிடைக்காது, அவர்களும் பிரதி வைத்துக்கொள்வதில்லை. எல்லாச் சிக்கலும் தொடங்குவது இங்கேதான் என்பேன். பிரைவேட் கீ என்பது 'இறக்கிக்கொள்ளும் ஃபைல்', தொலைந்தால் போச்சு என்பதால் 'நாலு இடத்தில் பத்திரமாகப் போட்டு வைக்க வேண்டிய ஃபைல்' என்ற எண்ணம் முதல் ஐந்து நிமிடத்திலேயே மனதில் பதிந்துவிடுகிறது. டிரைவில் ஒரு பிரதி, மெயிலில் ஒரு பிரதி, குரூப்பில் ஒரு பிரதி என்று பெருகுவது அதன் தொடர்ச்சி.

அதே திரையில் இன்னொரு வழியும் உண்டு. உங்கள் சொந்த லேப்டாப்பில் ஜோடியை உருவாக்கிவிட்டு, பப்ளிக் கீயை மட்டும் அங்கே பதிவேற்றலாம். எஸ்எஸ்ஹெச்-கீஜென் என்ற கட்டளை ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சோடு கூடவே வருகிறது. லினக்ஸிலும் மேக்கிலும் எப்போதுமே இருந்தது, விண்டோஸ் 10-லும் 2018 முதல் கூடவே வருகிறது. கீயின் வகை இடி25519 என்று கட்டளையிலேயே கொடுங்கள். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 2014 முதல் அதை ஏற்கிறது. 2023-ல் வந்த 9.5 பதிப்பிலிருந்து வகை எதுவும் சொல்லாவிட்டாலும் அதைத்தான் உருவாக்குகிறது. கீ சின்னது, வேகமானது. கீ ஃபைலையே பூட்டிவைக்கும் பாஸ்ஃபிரேஸ் என்ற ரகசியத் தொடரைக் கேட்கும் இடத்தில் காலியாக என்டர் தட்டாமல் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். லேப்டாப் திருடுபோனால், கீயை மாற்றும்வரைக்கும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

அந்த பப்ளிக் கீ மெஷினுக்குள் போய்ச் சேரும் வழியைப் பலரும் கவனித்திருக்கமாட்டார்கள். மெஷின் முதன்முதலாக எழும்போது உள்ளே கிளவுட்-இனிட் என்ற சிறு நிரல் ஓடும். அது 169.254.169.254 என்ற முகவரியைக் கேட்கும். வெளியுலகத்துக்குத் தெரியாத முகவரி அது, மெஷினுக்கும் கிளவுட் நிறுவனத்துக்கும் இடையில் மட்டும் பேச்சு நடக்கும். "என் பெயர் என்ன, எனக்கு எந்த பப்ளிக் கீ?" என்று கேட்டு வாங்கி, முன்னிருப்பு யூசரின் ஹோம் டைரக்டரியில் டாட் எஸ்எஸ்ஹெச் என்ற ஃபோல்டருக்குள் ஆத்தரைஸ்டு கீஸ் என்ற ஃபைலில் எழுதிவைக்கும். கீயைப் பொறுத்தவரை அதோடு கிளவுட்-இனிட்டின் வேலை முடிந்தது.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. இரண்டுமே ஆட்களை ஏமாற்றக் கூடியவை. கிளவுட் கணக்கை நிர்வகிக்கும் வலைப்பக்கமான கன்சோலில் போய் அந்தக் கீ ஜோடியை நீக்கினால், பட்டியலிலிருந்து பெயர் மட்டும்தான் போகும். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினுக்குள் எழுதப்பட்ட வரி அப்படியே இருக்கும், பழைய ஃபைல் வைத்திருப்பவர் எப்போதும்போல உள்ளே வரலாம். அடுத்தது, மெஷினை இமேஜ் என்ற முழுப் பிரதியாக எடுத்து அதிலிருந்து புது மெஷின் போடும்போது நடப்பது. புதுக் கீ கொடுத்தாலும் பழைய ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைல் இமேஜோடு சேர்ந்து வந்துவிடும், புதுக் கீ அதில் கூடுதல் வரியாகச் சேரும், அவ்வளவுதான். "புது சர்வர் போட்டாச்சு, பழைய ஆளு இனி உள்ள வரமுடியாது" என்று நம்பிக்கொண்டிருக்கிற நிறுவனங்கள் அந்த ஃபைலை ஒரு தடவை திறந்து பார்த்துவிட வேண்டும்.

கூகுளில் வேறு மாதிரிச் சிக்கல். அங்கே மெஷின்களை ஒன்றாகத் தொகுத்துவைக்கும் ப்ராஜெக்ட் அளவில் ஒரு கீயைப் போட்டால், தனியாகத் தடுத்துவைத்த மெஷின்களைத் தவிர அந்த ப்ராஜெக்டில் உள்ள எல்லா மெஷினுக்கும் அது போய்விடும். ஒரு வாடிக்கையாளரின் சர்வரைத் திறந்துவிட நினைத்து எல்லாருடையதையும் திறந்துவிட்டதாக ஆகும்.

பெர்மிஷன் டினைட்

முதல் தடவை லாகின் செய்கிற மாணவர்கள் அதிகம் திணறுவது இந்த வரியில்தான். அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் சுற்றுவட்டாரப் பொறியியல் கல்லூரிகளிலும் ப்ராஜெக்டுக்காக இலவசக் கணக்கில் மெஷின் எடுக்கும் பிள்ளைகளுக்கு இதை விரிவாகச் சொல்வதில் பயன் உண்டு.

முதலில் யூசர்நேமைப் பாருங்கள். லினக்ஸின் வகைக்கும் கிளவுட் நிறுவனத்துக்கும் ஏற்ப அது மாறும். அமேசான் லினக்ஸ் என்றால் இசி2-யூசர். உபுண்டு இமேஜ் என்றால் உபுண்டு. அமேசானில் டெபியன் எடுத்தால் அட்மின். ஆரக்கிள் கிளவுடில் ஆரக்கிள் லினக்ஸ் எடுத்தால் ஓபிசி. டிஜிட்டல் ஓஷன் என்ற நிறுவனத்தில் நேரடியாக ரூட், எல்லா அதிகாரமும் உள்ள யூசர் அது. மைக்ரோசாஃப்டின் அஸூரில் மெஷின் போடும்போது நீங்களே ஒரு பெயர் கொடுத்திருப்பீர்கள். கீ சரியாக இருந்து பெயர் தவறினாலும் சர்வர் அதே 'பெர்மிஷன் டினைட்' வரியைத்தான் சொல்லும், பெயர் தப்பு என்று தனியாகச் சொல்லாது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள், உள்ளே எந்தெந்தப் பெயர்கள் இருக்கின்றன என்பது வெளியாளுக்குத் தெரியக்கூடாது.

அடுத்தது ஃபைல் அனுமதி. பிரைவேட் கீயை உங்களைத் தவிர வேறு யூசரும் படிக்க முடியும் என்றால் எஸ்எஸ்ஹெச் அந்தக் கீயைத் தொடவே தொடாது. லினக்ஸில் அனுமதி எண்ணை 400 அல்லது 600 என்று, அதாவது சொந்தக்காரருக்கு மட்டும் என்று, மாற்றினால் சரியாகும். விண்டோஸில் உள்ள லினக்ஸ் டெர்மினலில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு விசித்திரம் நேரும். சி டிரைவில் உள்ள டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே கீ இருந்தால், அனுமதியை எத்தனை தடவை மாற்றினாலும் மாறாது, பிழையும் காட்டாது. கீயை லினக்ஸ் பக்கத்து ஹோம் டைரக்டரிக்கு நகர்த்திவிட்டுப் பிறகு மாற்ற வேண்டும். சர்வர் பக்கத்திலும் இதே கண்டிப்பு உண்டு. டாட் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டருக்கு 700, ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலுக்கு 600 இருக்கட்டும். ஏதோ ஒரு வலைப்பக்கத்தை ஓடவைப்பதற்காக ஹோம் டைரக்டரிக்கே 777, அதாவது யாரும் எழுதலாம் என்ற அனுமதி, கொடுத்துவிட்டால், அடுத்த லாகினில் சொந்தக்காரரே வெளியே நிற்க வேண்டியதுதான்.

பெர்மிஷன் பிரச்சினை இல்லாமல், ஒன்றுமே நடக்காமல் திரை வெகுநேரம் சும்மா நின்று கடைசியில் 'டைம்ட் அவுட்' என்று வந்தால் அது கீ விவகாரம் இல்லை. எந்தப் போர்ட்டை யாருக்குத் திறப்பது என்று தீர்மானிக்கும் செக்யூரிட்டி குரூப்பில் 22-ஆம் போர்ட் உங்களுக்குத் திறக்கவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

இன்னொன்று, முதல் இணைப்பில் வரும் கேள்வி. "இந்த சர்வரின் ஃபிங்கர்பிரிண்ட் இது, தொடரவா?" என்று கேட்கும். எல்லோரும் யெஸ் என்று தட்டிவிடுகிறோம். அது சும்மா வரும் கேள்வி இல்லை. சர்வருக்கும் தன்னை அடையாளம் காட்ட ஹோஸ்ட் கீ என்று ஒரு கீ ஜோடி உண்டு, அதன் சுருக்க அடையாளம்தான் ஃபிங்கர்பிரிண்ட். நீங்கள் பேசுவது உங்கள் சர்வரோடுதானா, நடுவில் புகுந்த வேறொருவரோடா என்று சரிபார்க்க அந்த இடத்தில் உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு அது. மெஷின் எழும்போது வரும் பதிவுகளைக் கன்சோலில் பார்க்கலாம், பெரும்பாலான இமேஜ்களில் அங்கே அந்த ஃபிங்கர்பிரிண்ட் அச்சாகியிருக்கும். ஒப்பிட ஒரு நிமிடம் போதும். பின்னாளில் திடீரென்று "ஹோஸ்ட் கீ மாறிவிட்டது" என்று பெரிய எச்சரிக்கை வந்தால், நீங்களே மெஷினை அழித்து அதே ஐபியில் மறுபடி போட்டீர்களா என்று முதலில் யோசியுங்கள். 2023 மார்ச்சில், டெவலப்பர்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளம் தன் ஆர்எஸ்ஏ வகை ஹோஸ்ட் கீயை அவசரமாக மாற்றியது. அதன் பிரைவேட் கீ யாரும் பார்க்கக்கூடிய ஒரு நிரல் தொகுப்பில் சிறிது நேரம் வெளிப்பட்டுவிட்டதே காரணம். அன்றைக்கு உலகம் முழுக்க டெவலப்பர்கள் அந்த எச்சரிக்கையைப் பார்த்தார்கள். காரணம் தெரியாமல் பழைய பதிவை அழித்துவிட்டு யெஸ் தட்டுகிறவரை எந்தப் பாதுகாப்பும் காப்பாற்றாது.

ஆளுக்கு ஒரு கீ

ஐந்து பேர் வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் ஒரே பெம் ஃபைலில், உபுண்டு என்ற ஒரே பெயரில் நுழைந்தால், நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் சர்வரின் லாகில் என்ன இருக்கும்? உபுண்டு வந்தார், உபுண்டு போனார், உபுண்டு டேட்டாபேஸை நிறுத்தினார். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு டேபிள் காணாமல் போனால் யாரிடம் கேட்பது? யாரையும் குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. தவறு நடந்த விதம் தெரிந்தால்தானே மீட்க முடியும். ஒரு இளைஞர் மேல் சந்தேகம் விழுந்து, அவர் செய்யவில்லை என்று நிரூபிக்க வழியே இல்லாமல் போவது அதைவிடக் கொடுமை. தனிக் கணக்கு ஊழியரையும்தான் காக்கிறது.

இந்தியக் கணினி அவசரநிலை அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவு, சிஸ்டம் லாகுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் போன்ற சம்பவங்களைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. லாகை வைத்திருப்பது எளிது. அதில் எல்லா வரியிலும் ஒரே பெயர் இருந்தால் 180 நாள் வைத்திருந்தும் பயனில்லை.

மாற்றுவதற்கு ஆகும் வேலை மிகக் கொஞ்சம். ஒவ்வொருவரும் தம் லேப்டாப்பில் தமக்கென்று கீ ஜோடி உருவாக்கட்டும். பப்ளிக் கீயை மட்டும் அனுப்பட்டும். அதை வாட்ஸ்அப்பிலேயே அனுப்பலாம், அதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. சர்வரில் அவர் பெயரில் ஒரு யூசரை உருவாக்கி, அவருடைய ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலில் அந்த வரியை ஒட்டிவிட வேண்டும். நிர்வாக வேலை செய்பவர் என்றால் மட்டும் ரூட் அதிகாரம் தரும் சூடோ குழுவில் சேர்க்கலாம்.

அந்த வரியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதலில் எஸ்எஸ்ஹெச்-இடி25519 என்று கீயின் வகை. பிறகு ஒரு இடைவெளி, அதன்பின் கண்ணுக்குப் பொருள்படாத நீண்ட எழுத்துக் கோவை. மறுபடி ஒரு இடைவெளி, கடைசியில் ஒரு குறிப்பு. யாருடைய கீ என்று மனிதர் படித்துத் தெரிந்துகொள்ள உதவுவது அந்தக் கடைசித் துண்டு மட்டும்தான். சும்மா விட்டால் கணினி தானாக யூசர்நேமையும் லேப்டாப்பின் பெயரையும் போட்டுவிடும். 'யூசர், டெஸ்க்டாப், கலந்துகட்டின ஏழு எழுத்து' என்று முடியும் மூன்று வரிகள் ஒரே ஃபைலில் இருந்தால் எதை நீக்குவது? அதனால் உருவாக்கும்போதே பெயர், எந்த லேப்டாப், எந்த மாதம் என்று குறிப்பில் எழுதிவிடச் சொல்லுங்கள். சர்வர் இந்தக் குறிப்பை நம்பி எதுவும் செய்வதில்லை, ஃபைலைத் திறக்கும் மனிதருக்காகவே அது.

ஒருவர் விலகும்போது செய்ய வேண்டியதில் பலர் சறுக்குவது ஒரு இடத்தில். அவருடைய பாஸ்வேர்டைப் பூட்டும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். பாஸ்வேர்டு பூட்டப்பட்டாலும் கீ லாகின் நடக்கும். அந்தக் கட்டளையின் கையேட்டுப் பக்கத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. கணக்கையே காலாவதியாக்க வேண்டும், ஆத்தரைஸ்டு கீஸ் வரியை எடுக்க வேண்டும், பொது யூசரிலும் ரூட்டிலும் அவர் கீ ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏற்கெனவே திறந்து கிடக்கும் அவருடைய செஷனையும் முடிக்க வேண்டும். வரியை எடுத்தால் புது லாகின்தான் நிற்கும், உள்ளே இருப்பவர் வெளியேறிவிடமாட்டார்.

கதவைத் தட்டிக்கொண்டே இருப்பவர்கள்

புது மெஷின் போட்டுப் பொது ஐபி கொடுத்துச் சற்று நேரத்திலேயே உபுண்டுவின் ஆத் டாட் லாக் ஃபைலைத் திறந்து பாருங்கள். ரூட், அட்மின், டெஸ்ட், ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் என்று யார் யாரோ முயன்றுகொண்டிருப்பார்கள். உங்களைக் குறிவைத்து வருகிறவர்கள் இல்லை. இணையம் முழுக்க எல்லா ஐபியையும் சுற்றிவரும் தானியங்கி நிரல்கள், எளிய பாஸ்வேர்டு வைத்த சர்வரைத் தேடுகின்றன. பாஸ்வேர்டு லாகினை முழுதாக மூடிவிட்டால் இவற்றுக்கு வேலையே இல்லை.

மூடுவதிலும் ஒரு பொறி உண்டு. சர்வர் பக்கத்தில் லாகினைக் கவனிக்கும் நிரலான எஸ்எஸ்ஹெச்டியின் கான்ஃபிக் ஃபைலில் பாஸ்வேர்டு ஆத்தென்டிகேஷனுக்கு நோ என்று எழுதி, சர்வீஸை மறுபடி ஓடவிட்டும் பாஸ்வேர்டு கேட்கிறதே என்று குழம்புகிறவர்கள் உண்டு. உபுண்டுவில் அந்தப் பிரதான ஃபைலின் தலையிலேயே, பக்கத்து ஃபோல்டரில் உள்ள எல்லாத் துணை ஃபைல்களையும் படி என்று ஒரு வரி இருக்கிறது. அங்கே '50-கிளவுட்-இனிட்' என்று தொடங்கும் ஃபைலில் யெஸ் என்று எழுதியிருந்தால், முதலில் படித்த மதிப்பே செல்லும் என்பது எஸ்எஸ்ஹெச்டியின் விதி. நீங்கள் கீழே எழுதிய நோவை அது பொருட்படுத்தாது. எஸ்எஸ்ஹெச்டி கட்டளையோடு பெரிய டி சேர்த்து ஓட்டினால், கடைசியில் நடைமுறைக்கு வந்த மதிப்புகள் அத்தனையும் திரையில் வரும். சின்ன டி சேர்த்தால் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று சொல்லும். இந்த இரண்டையும் பார்க்காமல் சர்வீஸை மறுபடி ஓடவிடாதீர்கள். இருக்கும் ஜன்னலை மூடாமல், இன்னொரு ஜன்னலில் புது லாகின் செய்து பார்த்த பிறகுதான் முதல் ஜன்னலை மூட வேண்டும். இது மட்டும் பழகிவிட்டால் பாதிச் சங்கடம் குறையும்.

22-க்குப் பதில் வேறு போர்ட் வைக்கலாமா என்று கேட்பார்கள். லாகில் சத்தம் குறையும், பாதுகாப்பு என்று பெரிதாக எதுவும் கூடிவிடாது.

செக்யூரிட்டி குரூப்பில் நம் ஐபிக்கு மட்டும் திறப்பது நல்ல யோசனை. ஆனால் நம் பகுதியில் வீடுகளில் உள்ள பிராட்பேண்டில் ரூட்டரை அணைத்துப் போட்டாலே ஐபி மாறிவிடக்கூடும். மொபைல் டேட்டாவில் இன்னும் மோசம், ஒரே பொது ஐபிக்குப் பின்னால் முகம் தெரியாத பல பேர் இருப்பார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் நாலு பேர் இருந்தால், வாரத்துக்கு ஒரு தடவை ஐபி மாற்றிச் சலித்துப்போய் கடைசியில் 'எல்லா ஐபிக்கும்' என்று திறந்துவிடுவதுதான் நடக்கிறது. இதற்கு மேலான வழிகள் இருக்கின்றன. அமேசானின் செஷன் மேனேஜரில் மெஷினுக்குள் இருக்கும் ஏஜென்ட் என்ற சிறு நிரல் உள்ளிருந்து வெளியே 443-ஆம் போர்ட் வழியாகப் பேசும், வெளியிலிருந்து எந்தப் போர்ட்டும் திறக்க வேண்டாம். அங்கேயே இன்ஸ்டன்ஸ் கனெக்ட் என்று ஒன்று உண்டு, உங்கள் பப்ளிக் கீயை 60 விநாடிக்கு மட்டும் மெஷினுக்குக் காட்டிவிட்டு எடுத்துவிடும். கூகுளின் ஓஎஸ் லாகின், லினக்ஸ் யூசரைக் கூகுள் கணக்கோடு கட்டிவைக்கிறது. வேலையை விட்டுப் போனவரின் அனுமதியை ஒரே இடத்தில் எடுத்தால் எல்லா மெஷினிலும் போய்விடும். மெஷின்கள் பத்தைத் தாண்டிவிட்டால் கையால் ஆத்தரைஸ்டு கீஸ் பராமரிப்பதை விட்டுவிட்டு இந்த வழிக்கு வந்துவிடுவது நல்லது. இரண்டு மூன்று மெஷின்கள் வைத்திருக்கும் நம்மூர் நிறுவனத்துக்கு ஆளுக்கு ஒரு கீயே தாராளமாகப் போதும்.

விண்டோஸ் மெஷின் கதை சுருக்கமானது. டேலி போன்ற கணக்கு மென்பொருளுக்காக எடுப்பார்கள். தூரத்திலிருந்து அதன் திரையைத் திறக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389-ஆம் போர்ட்டை உலகத்துக்கே திறந்துவைப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விபிஎன் என்ற மறைக்கப்பட்ட தனி இணைப்பு வழியாக மட்டும் திறந்தாலே போதும்.

எஸ்எஸ்ஹெச் மென்பொருளையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்க நூலகத்துக்குள் யாரோ திட்டமிட்டு நுழைத்த பின்வாசல், சில லினக்ஸ் வகைகளில் எஸ்எஸ்ஹெச் லாகினையே குறிவைத்தது. லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்ததால்தான் அது பரவலாக வெளியாகும் முன்பே பிடிபட்டது.

தண்ணீர் வந்த வாரம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை கடந்து ஓடியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஜங்ஷன் பக்கமும் கலெக்டர் அலுவலக வளாகமும் வெள்ளத்தில் நின்றன. தரைத்தளத்தில் இருந்த கணினிகளின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. சர்வர் மும்பையில் நலமாக ஓடிக்கொண்டிருக்கும், அதற்குள் போகும் ஒரே பிரைவேட் கீ நெல்லையில் சேற்றுக்குள் கிடக்கும் என்ற நிலை நம் மாவட்டத்துக்கு வெறும் கற்பனை இல்லை.

கீ தொலைந்தால் மெஷினே போய்விட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை, மீட்கலாம். அமேசானில் மெஷினை நிறுத்தி, அதன் இயங்குதளம் இருக்கும் ரூட் டிஸ்கைக் கழற்றி, வேறொரு மெஷினில் மாட்டி, ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலில் புது பப்ளிக் கீயை எழுதி, திரும்பப் பழைய மெஷினில் மாட்ட வேண்டும். எலாஸ்டிக் ஐபி என்ற நிலையான முகவரி எடுத்திருக்காவிட்டால் நிறுத்தி ஓட்டியதும் பொது ஐபி மாறிவிடும், வாடிக்கையாளர்களின் ஆப் வேலை செய்யாது என்பதை மட்டும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். அஸூரில் போர்ட்டலிலிருந்தே கீயை மாற்றி எழுத முடியும். கூகுளில் மெஷினுக்கான மெட்டாடேட்டா என்ற அமைப்புக் குறிப்புகளில் புதுக் கீ சேர்த்தாலே போதும். நெட்வொர்க் லாகின் இல்லாமலே மெஷினின் திரைக்குப் போகும் சீரியல் கன்சோல் என்ற பின்வழியும் இருக்கிறது. ஆனால் அதற்குப் பெரும்பாலும் ஏதாவது ஒரு யூசருக்கு முன்பே பாஸ்வேர்டு வைத்திருக்க வேண்டும். தண்ணீர் வந்த பிறகு வைக்க முடியாது.

ஆகவே, நிர்வாகி என்று குறைந்தது இரண்டு பேர், இரண்டு வேறு வேறு கீ, இரண்டு வேறு வேறு ஊர். ஒருவர் ஜங்ஷனில் இருந்தால் மற்றவர் தென்காசிப் பக்கம் இருக்கட்டும். ஒரே கீயைப் பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வைப்பதும் இதுவும் ஒன்றில்லை. பிரதி திருடுபோனால் இரண்டையும் மாற்ற வேண்டிவரும்.

இந்த மீட்பு வழிகள் எல்லாமே கன்சோலுக்குள் நுழைய முடிந்தால்தான் நடக்கும். நம் பக்கத்தில் இன்னமும் சரியாக யோசிக்கப்படாத விஷயம் இதுதான். அப்பள வியாபாரிக்கு ஆப் எழுதிக் கொடுத்த இளைஞர், அவசரத்துக்குத் தன் ஜிமெயிலிலேயே கிளவுட் கணக்கைத் திறந்திருப்பார். கார்டும் அவருடையது. மாதாமாதம் கடைக்காரர் அவருக்கு ஜிபே செய்வார். "எல்லாம் அந்தத் தம்பி பார்த்துக்கிடுவான்" என்பார். சர்வருக்குள் எத்தனை ஒழுங்காக ஆளுக்கு ஒரு கீ வைத்தாலும், அந்த ஜிமெயிலைத் திறப்பவர் டிஸ்கைக் கழற்றி மாட்டி எந்தக் கீயையும் எழுதிவிடலாம், மெஷினையே அழித்தும் விடலாம். அந்தத் தம்பியின் போன் ரீசார்ஜ் இல்லாமல் சிம் போய்விட்டால் ஓடிபி வராது, கடைக்காரரின் பத்து வருடக் கணக்கு எட்டாத இடத்தில் நின்றுவிடும். அவர்கள் இருவருக்கும் மனவருத்தம் வந்துவிட்டால் நடப்பதை நான் எழுத வேண்டியதில்லை.

கணக்கு வியாபாரத்தின் பெயரில், வியாபாரத்தின் மெயிலில் இருக்க வேண்டும். அந்த மெயிலுக்கும் கன்சோலின் ரூட் கணக்கு என்ற முதன்மைக் கணக்குக்கும் இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பு வைத்து, மீட்புக் குறியீடுகளை அச்செடுத்து கடையின் பத்திரங்கள் இருக்கும் பெட்டியில் வைக்க வேண்டும். டெவலப்பருக்கு அதே கணக்கின் கீழ் தனி யூசர் உருவாக்கித் தேவையான அனுமதியை மட்டும் கொடுக்கலாம். ஏற்கெனவே வேறு ஒருவர் பெயரில் ஓடிக்கொண்டிருந்தால் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. வியாபாரத்தின் பெயரில் புதுக் கணக்கைத் திறந்து, டிஸ்கின் பிரதியான ஸ்னாப்ஷாட்டைப் பழைய கணக்கிலிருந்து அதனுடன் பகிர்ந்து, புது மெஷினை எழுப்பி, எழும்பியதும் முதல் வேலையாக ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைல்களைத் திறந்து பழைய வரிகளை எடுத்துவிட்டு, டொமைனை அங்கே திருப்பினால் போதும். வருடக் கணக்கு முடிந்து வரும் ஏப்ரல் முதல் வாரத்தைத் தவிர்த்து, கடை மூடியிருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.